அண்ணனின் புள்ளி நாய்

என் அண்ணன் பல வருடங்கள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி கட்டினார். அவருடைய மனைவி, என் மச்சாளும் பிள்ளைகளும் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் புத்தி இருந்தது. அண்ணனுக்கு இருந்தது பெருமை. அந்தப் பெருமைக்குத் தீனி போட அவர் ஒரு பெரிய பெயர்ப்பலகை வைத்தார்; அதில் எழுத்துப்பிழை இருந்தது. கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்க, முற்றத்தில் நீச்சல் தடாகம் வெட்டினார். அதில் பாசி பிடித்தது. கடைசியாகக் கொழும்பில் இருந்து ஒரு நாய்க்குட்டியைக் குளிரூட்டிய வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள் தெறித்த டல்மேஷியன் ஆண் குட்டி. பார்க்க அழகாகத்தான் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அண்ணன் அதற்கு வைத்த ஆங்கிலப் பெயரை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. பிரபுக்களுக்கு வைக்கிற பெயர். சமையல்காரரையும் தோட்டம் கூட்டுகிறவரையும் தமிழில் அதட்டுகிற அதே வாய், நாயைக் கண்டதும் இனிப்பான ஆங்கிலத்துக்கு மாறிவிடும். விடுதிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கதையைத்தான் சொல்வார்.

"இந்த நாயின்ரை வம்சம் முந்தி ராசாக்களின்ரை குதிரை வண்டிக்குப் பக்கத்திலை ஓடினது, தெரியுமோ? சும்மா நாய் இல்லை. நல்ல சாதி நாய்."

மனிதர்களைப் பற்றிக் கதைக்கும்போது சாதி என்ற சொல்லை எங்கள் ஆட்கள் இப்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். நாயைப் பற்றி என்றால் அந்த வெட்கம் தேவையில்லை. வாய் நிறையச் சொல்லலாம். அண்ணன் சொன்னார்.

எனக்குக் கிழமை நாட்களில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை. கல்யாணம் கட்டவில்லை. திருகோணமலை டவுனில், குடாக்கரைப் பக்கம், அம்மா அப்பா விட்டுப்போன சின்ன வீட்டில் தனியே இருக்கிறேன். சனிக்கிழமைகளில் உப்புவெளிக்குப் போய் விடுதியின் படுக்கைத் துணிகளையும் குசினிச் சமையலையும் பார்த்துக் கொடுப்பேன். தனியே இருக்கிற தங்கச்சிக்கு நேரம் நிறைய இருக்கும் என்பது அண்ணனின் கணக்கு. அப்படிப் போய் வந்ததில்தான் அந்த நாய் வளர்ந்ததைப் பார்த்தேன்.

நாய் சொன்ன சொல் கேட்கவில்லை. கூப்பிட்டால் வராது. குந்தி இருக்கச் சொன்னால் ஓடும். அண்ணன் முற்றத்தில் நின்று அந்தப் பிரபுவின் பெயரைத் தொண்டை கிழியக் கத்துவார். நாய் முதுகைக் காட்டிக்கொண்டு நண்டு வளையைக் கிளறும். விடுதியில் தங்குகிற வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். அண்ணனின் முகம் சிவந்துவிடும். கடைசியில், எங்கேயோ வேட்டை நாய்களைப் பழக்கியவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் இறுகுகிற சங்கிலி ஒன்றை நாயின் கழுத்தில் போட்டு, காதுக்குப் பக்கத்தில் நின்று உறுமினார். நாய் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு பிரம்பை எடுத்தார். நாய்க்கு எதற்கு அடி விழுகிறது என்று விளங்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நான் குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மனிதர்களுக்கும் நாய்க்கும் இடையில் யாருக்கு மூளை குறைவு என்று தீர்மானிக்க முடியாமல் இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை விடுதியில் ஒரு கல்யாண விருந்து நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் மத்தியானம் கேற்றடியில் சீனவெடி கொளுத்தினார்கள். தெருவில் படுத்திருந்த ஊர் நாய்கள் எல்லாம் வாலை மடக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் பறந்தன. சமையல்காரர் கையில் இருந்த தட்டத்தைப் போட்டுவிட்டார். நம்முடைய பிரபு மட்டும் விறாந்தையில் நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாக்கப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். நான் பெரிய சோற்றுக் கிடாரத்தின் மூடியை எடுத்துக்கொண்டு போய் அதன் தலைக்குப் பின்னால் நிலத்தில் அடித்தேன். நிலம் அதிர்ந்ததில் ஒரு கண்ணைத் திறந்தது. அடுத்த முறை மூடியைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் அடித்தேன். கண் மூடியே இருந்தது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணை, உந்த நாய்க்குக் காது கேக்கேல்லை."

"உனக்கென்ன விசரே? அது வேணுமெண்டு கவனியாமல் இருக்குது. நல்ல சாதி நாயள் அப்பிடித்தான். கண்டவன் கூப்பிட்டா வராது."

"நீங்கள் கூப்பிட்டாலும் வரேல்லையே?"

அவருக்கு உடனே மாப்பிள்ளையின் தகப்பனாரோடு கதைக்க ஏதோ அவசர விசயம் ஞாபகம் வந்துவிட்டது. போய்விட்டார்.

இதற்குப் பிறகு நடந்தது நடக்க வேண்டியதுதான். அடுத்த சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம், நாய் மேசைக்குக் கீழே உறங்கியது. கொழும்பில் இருந்து வந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பெண்பிள்ளை பின்பக்கமாக வந்து அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். காது கேட்கிற நாய் என்றால் பிள்ளை வருவது தெரிந்திருக்கும். இது திடுக்கிட்டு எழும்பித் திரும்பிக் கவ்விவிட்டது. பல் மணிக்கட்டில் இலேசாகக் கீறியது. தாய் அலறினாள். தகப்பன் முதலில் போனை எடுத்து வீடியோ பிடித்தார், பிறகுதான் பிள்ளையைத் தூக்கினார். அப்படியும் தகப்பன்மார் இருக்கிறார்கள்.

அடுத்த நாள் காலையில் தேவாலயத்தில் பூசை முடிந்து நான் அங்கே போனபோது நாயை வானுக்குள் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"எங்கை கொண்டுபோறியள்?"

"தம்பலகாமத்துப் பக்கம் விடப்போறன். வயல், குளம், நல்ல வெளி. சுதந்திரமா ஓடித் திரியட்டும்."

"அங்கை யானை வாறது, அண்ணை. பிளிறினாலும் இதுக்குக் கேக்காது."

"யானையைக் கண்ணாலை தெரியாதே? அவ்வளவு பெரிய சாமான்."

அந்த நாயில் எனக்கு அப்போது ஒரு துளி அன்பும் இருக்கவில்லை. அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் அண்ணன் வெறும் வானோடு திரும்பி வந்து, அன்று பின்னேரமே கதிரையில் சாய்ந்திருந்து இளநீர் குடிப்பார் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வானின் கதவைத் திறந்து கயிற்றை அவிழ்த்தேன். "நான் கொண்டுபோறன்," என்றேன். அவருக்கு முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, ஒரு கெட்ட வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அன்று நற்கருணை வாங்கியிருந்தேன் என்பதால் விழுங்கினேன்.

டல்மேஷியன் என்ற இனத்தைப் பற்றி இப்போது எனக்குச் சொல்லத் தெரியும். முதலாவது, மயிர் கொட்டும். காலம் நேரம் பார்க்காமல் கொட்டும். குட்டையான, விறைத்த, வெள்ளை மயிர். ஊசி மாதிரித் துணிக்குள் ஏறி நிற்கும். கச்சேரிக்கு உடுத்துகிற கறுப்புச் சேலையில், தலையணையில், அலுமாரிக்குள் பூட்டி வைத்த துவாயில், ஒரு நாள் நான் வார்த்த தோசைக்குள். புள்ளியில் இருந்து விழுவது கறுப்பு மயிர், அதனால் வெள்ளைச் சேலை உடுத்தியும் தப்ப ஏலாது.

இரண்டாவது, அதற்குக் களைப்பு என்பதே கிடையாது. குதிரை வண்டியோடு ஓடின வம்சம் என்று அண்ணன் சொன்ன கதையில் அந்தப் பாகம் உண்மை. குதிரைக்கு நான் எங்கே போக? அப்பாவின் பழைய சைக்கிளைத் திருத்தி எடுத்தேன். வேலைக்குப் போக முதல், விடியற்காலையில், நாயின் வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு துறைமுகப் பக்கத்து வீதியில் மிதிப்பேன். அது சக்கரத்தோடு ஒட்டி ஒரே சீராக ஓடும், தலையைத் தூக்கிக்கொண்டு. ஐம்பது வயது தாண்டிய ஒரு கன்னிப் பெண் சேலையைச் சொருகிக்கொண்டு புள்ளி நாயோடு சைக்கிள் மிதிப்பதைப் பார்க்க ஊருக்கு இலவசக் காட்சி. வார் இல்லாமல் விட ஏலாது. ஓட்டோ பின்னால் வந்து ஹோர்ன் அடித்தாலும் அதற்குத் தெரியாது.

வழியில் மறிக்கிறவர்களின் அறிவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம்.

"மிஸ், உது பெயின்ற் அடிச்சதோ?"

"ஓம். மாரிக்கு முன்னம் இன்னொரு பூச்சு அடிக்கவேணும்."

ஒருவர் அதை நம்பி, விரலில் எச்சில் தொட்டுப் புள்ளியைத் தேய்த்தே பார்த்தார். கச்சேரியில் எனக்கு அடுத்த மேசையில் இருக்கிற, பட்டம் பெற்ற ஒரு பெண், தனக்கு ஒரு குட்டி வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஆண் நாய், பிள்ளை."

"அப்ப ஒரு பெட்டையைப் பாத்து விடுங்கோவன், மிஸ்."

"செவிட்டுக் குட்டிகள் பிறக்கும்."

"அதாலை என்ன, புள்ளி வரும்தானே?"

நான் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

நாயைப் பழக்க எனக்குப் பிரம்பு தேவைப்படவில்லை. காலால் சீமெந்து நிலத்தில் உதைத்தால் அதிர்வில் திரும்பிப் பார்க்கும். பொழுது பட்டதும் முற்றத்தில் நின்றால் ரோர்ச் வெளிச்சத்தை நிலத்தில் இரண்டு தரம் ஆட்டுவேன், ஓடி வரும். உள்ளங்கையை உயர்த்தினால் குந்தி இருக்கும். தொடையில் தட்டினால் பக்கத்தில் வரும். பெருவிரலைக் காட்டினால் அது நல்ல பிள்ளை என்று அர்த்தம். அதற்கு உடம்பு முழுவதும் ஆடும். உறங்கும்போது தொடுவதில்லை. மூக்குக்கு முன்னால் கையை வைத்துக் காத்திருப்பேன். மணத்தில் தானாகக் கண் விழிக்கும். அது எப்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் எந்த அறைக்குப் போனாலும் பின்னால் வரும். என்னைக் காணாவிட்டால் நான் உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொள்ளும் போல. இவ்வளவு கவனமாக என்னை யாரும் பார்த்ததில்லை. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா சல்லி என்ற மீனவக் கிராமத்தில் பிறந்து இங்கே கல்யாணம் கட்டி வந்தவ. புருசன் கடலுக்குப் போகிறவர். அக்காவுக்கு நாய் என்றால் உயிர். மதிலுக்கு மேலால் கையை நீட்டி ஒவ்வொரு காலையும் ஒரு பிடி சூடை மீன் போடுவா. ஊரெல்லாம் நாய்க்கு மீன்தான் போடுகிறது. நானும் அதில் ஒரு பிழையையும் காணவில்லை. எனக்குச் செலவு மிச்சம் என்றுகூட நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்து கேற்றைத் திறந்தேன். நாய் கேற்றடிக்கு வரவில்லை. முற்றத்துத் தென்னைக்குப் பக்கத்தில் காலைத் தூக்கியபடி நின்றது. சொட்டுச் சலமும் போகவில்லை. காலைக் கீழே வைத்து, அடுத்த மரத்துக்குப் போய் மறுபடி தூக்கியது. வயிறு கல்லுப் போல இருந்தது. என்னைக் கண்டதும் வாலை ஆட்ட முயன்று, நடுங்கி, அப்படியே குந்திவிட்டது. பூசைச் சேலையோடு ஓட்டோ பிடித்து அதைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரின் வீட்டுக்கே போனேன்.

வைத்தியர் ஒரு இளம் பெண். ஞாயிற்றுக்கிழமைச் சமையலை விட்டுவிட்டு வந்து, கையைக் கழுவி, வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள்?"

"சோறும் மீனும்."

"என்ன மீன்?"

"சூடை. சில நேரம் ஈரல்."

அவர் பெருமூச்சு விட்டார். "மிஸ், இந்த இனத்துக்கு ஒரு பிழை இருக்குது. மற்ற நாயளுக்குச் சலத்தோடை கரைஞ்சு போறது இதுக்குக் கரையாது, கல்லாப் படியும். சூடை, நெத்தலி, ஈரல், ஒண்டும் குடுக்கக் கூடாது. ஆண் நாய்க்குக் கல்லு வழியிலை அடைச்சா இப்பிடித்தான் வரும்."

குழாய் விட்டு அடைப்பை எடுக்க வேண்டும், நாயின் தலையைப் பிடிக்க வேண்டும் என்றார். ஊசி போட்டும் அது முழுதாக மயங்கவில்லை. மற்ற நாய் என்றால் காதுக்குள் ஏதாவது சொல்லித் தேற்றலாம். இதற்கு நான் எதைச் சொல்ல? முகத்துக்கு நேரே என் முகத்தை வைத்துக்கொண்டு, பெருவிரலைக் காட்டினேன். காட்டிக்கொண்டே இருந்தேன். அது என் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. வைத்தியர் குழாயைத் தள்ளினார், தண்ணீரைச் செலுத்தினார், பிறகு இரத்தம் கலந்த சலம் மேசையில் பாய்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை வைத்தியர் பார்த்துவிட்டார் என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

"ஊசி ஒண்டோடை அலுவலை முடிச்சுவிடு, தங்கச்சி," என்றார். "உனக்கேன் கரைச்சலும் அலைச்சலும்? இன்னும் கல்லு வரும்தானே."

போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதா. "நான் பாவி. என்ரை கையாலை எல்லோ குடுத்தனான்." பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "கடற்கரையிலை இருந்துகொண்டு மீன் தின்ன ஏலாத நாய்! இதென்ன சாபம், பிள்ளை?" என்றா. அடுத்த நாளில் இருந்து அவவே பூசணிக்காய் அவித்துக் கொண்டுவந்து தரத் தொடங்கினா. இப்போது அதன் சாப்பாடு சோறு, பூசணி, கரட், முட்டை, தம்பலகாமத்து எருமைத் தயிர். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றிக் கஞ்சியாக்கி வைப்பேன். கச்சேரிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வெறும் பருப்பும் சோறும் கட்டிக்கொண்டு போகிறேன். வீட்டில் ஒரு பிரபு தயிர்ச்சாதம் சாப்பிடுகிறார்.

சில மாதங்கள் கழித்து அண்ணன் வானோடு என் வாசலுக்கு வந்தார். கையில் புதுச் சிவப்புக் கழுத்துப்பட்டி. முந்தி வந்த ஒரு வெள்ளைக்காரி நாயோடு கடற்கரையில் எடுத்த படங்களை இணையத்தில் போட்டிருக்கிறாள். இப்போது வருகிறவர்கள் எல்லாம் புள்ளி நாய் எங்கே என்று கேட்கிறார்களாம்.

"உனக்கும் கரைச்சல்தானே. நான் கொண்டுபோறன்," என்றார்.

நாய் விறாந்தையில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. அண்ணன் கேற்றடியில் நின்று அந்த ஆங்கிலப் பெயரைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"இன்னும் அதே திமிர்தான்," என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணை, அது செவிடு. எத்தினை தரம் சொல்லுறது?"

அக்கா உள்ளே போகும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"கொண்டுவந்த கிழமையே. பின்னாலை நிண்டு கோப்பையைத் தட்டிப் பாத்தனான்."

"தெரிஞ்சுகொண்டோ அந்த மனிசனைப் பிரம்போடை விட்டனீங்கள்?"

அண்ணன் கழுத்துப்பட்டியின் கொளுவியைத் திறந்து திறந்து மூடினார். "எல்லாருக்கும் திறமான நாய் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு என்னெண்டு செவிடு எண்டு சொல்லுறது? சிரிப்பாங்கள்."

அதுவரை நான் அவரை ஒரு மடையர் என்றுதான் நினைத்திருந்தேன். மடையரோடு சீவிக்கலாம், எங்கள் குடும்பத்தில் அதற்குப் பழக்கம் உண்டு. சிரிப்புக்குப் பயந்து ஒரு குட்டியை அடிக்கு விட்டவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டில் அவர் எப்படிச் சீவித்தார், யார் யார் சிரித்தார்கள் என்றெல்லாம் ஒரு கணம் யோசித்தேன். பிறகு அந்த யோசனையை விட்டேன். இரக்கப்பட்டால் நியாயம் கேட்க ஏலாமல் போய்விடும்.

"நாய் இஞ்சைதான் நிக்கும்," என்றேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் விடுதியின் வாசலில் ஒரு சீமெந்து டல்மேஷியன் முளைத்தது. செய்தவர் புள்ளிகளைச் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரே அளவில் வட்டம் வட்டமாக வரைந்திருந்தார். கழுத்தில் அந்தச் சிவப்புப் பட்டி. வெள்ளைக்காரர்கள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள் என்று அறிந்தேன். நான் சனிக்கிழமைகளில் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். படுக்கைத் துணிகளை அவரே எண்ணட்டும்.

நாய்க்கு மறுபடியும் ஒருமுறை கல் வந்து வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். தழும்பைச் சுற்றி மயிர் வளரவில்லை. இப்போது சைக்கிளோடு முந்திய வேகம் இல்லை, எனக்கும் இல்லை.

அண்ணன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். நான் கூப்பிடவில்லை. பூசை முடிந்து வந்து விறாந்தைக் கதிரையில் இருப்பார். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். முதல் நாள் நாய் அவரைப் பார்த்தது, மோந்தது. உறுமும், குறைந்தது எழும்பியாவது போகும் என்று நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவருடைய கால்களுக்கு மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதன் புத்தியைப் பற்றி எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் அன்றோடு போயிற்று. அடித்தவனையும் அடிக்க விட்டவனையும் அடையாளம் காணத் தெரியாத மிருகம். இந்த இனத்துக்குக் காதும் சலப்பையும் மட்டுமல்ல, புத்தியும் பழுது.

போன ஞாயிறும் அப்படித்தான். வெகுநேரமாக அவர் அசையவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். கால் விறைத்துப் போனது அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

"காலை எடுங்கோவன்," என்றேன்.

"நித்திரை கொள்ளுது," என்றார். "திடுக்கிடும். எழும்பட்டும்."

நான் குசினிக்குப் போய்ப் பூசணிக்காயை வெட்டத் தொடங்கினேன்.